கருகிய ரொட்டி

விடுதிச் சமையலறையின் புகை அலாரம் எப்படி வேலை செய்கிறது என்று யூதிங்குக்கு நன்றாகத் தெரியும். உள்ளே ஒரு சின்ன இருட்டறை. அதில் ஒளிக்கீற்று ஒன்று நேராகப் போய்க்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி, ஓரத்தில் இருக்கும் ஒளியுணர் கண்ணில் படும், உடனே அலறும். யாருடைய புகை என்று அதற்குத் தெரியாது. சீனாவிலிருந்து படிக்க வந்த முதல் வாரம், அவள் கீரை வதக்கியபோது ஒருமுறை அலறியது. அவ்வளவுதான்.

இன்று அலறியபோது அவள் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். நுரையோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள். அங்கே கூடியிருந்த மாணவர்களின் முகங்கள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

“இன்றைக்கு எதை வறுத்தாய், யூதிங்?” என்றார் விடுதிக் காப்பாளர் ஹெலன். எல்லோரும் சிரித்தார்கள்.

“மன்னியுங்கள்” என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலேயே.

அலாரம் கேட்டு வந்திருந்த தீயணைப்பு வீரர் சமையலறையிலிருந்து கருகிய ரொட்டித் துண்டோடு வெளியே வந்தார். “என்னுடையதுதான்” என்று சக மாணவன் டெரிக் கையைத் தூக்கினான். கைதட்டினார்கள். ஹெலன் அவன் முதுகில் தட்டிவிட்டு எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார்.

யூதிங் வாசலை மறித்து நின்றாள். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கவில்லை. ஹெலனின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடுங்கள்.”

“விளையாடாதே, குளிர்கிறது” என்றான் டெரிக். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. நீட்டிய கை இறங்கவில்லை.