பெட்ரோல் குடிக்காத கார்

நார்ஃபோக் தீவுத் தேவாலயத்தின் மேல் ஆணையாகப் பார்க்கின் ஆகிய நான் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் சின்ன வெள்ளைக் கார் மூன்று வருடமாக ஒரு சொட்டுப் பெட்ரோல் குடித்ததில்லை.

பக்கத்து வீட்டு ஹில்டாவிடமும் அதே கார், அதே வெள்ளை. நேற்று வேலியோரம் வந்து நின்றாள்.

“சனிக்கிழமை டேங்க் ரொப்புனா, கடைக்கு மட்டும் போய் வந்தும் புதன்கிழமை காலி. இந்தச் சனியனை வித்துத் தொலைக்கப் போறேன், பார்க்கின்.”

நான் வேலியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“அவசரப்படாதே ஹில்டா. தங்கமான வண்டி. மேட்டுல கூட மூச்சு வாங்காது.”

“ஓட்டுறவ நான். உனக்கு எப்படிய்யா தெரியும்?”

“சத்தத்தை வச்சே சொல்லுவேன். நீ காலை மெல்ல வச்சு அழுத்து, போதும்.”

“சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன்.”

எங்கள் தீவு வழக்கப்படி சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

என் காரின் இஞ்சின் மூன்று வருடமாக என் மீன்பிடிப் படகில் இருக்கிறது.