சாவி திருப்புகிறவன்

"ஒரு வார்த்தை பொய் வந்தாலும் இங்கேயே முடிச்சிடுவேன்" என்றான் மேஸ்திரியின் தம்பி. துப்பாக்கி முனை டிரைவரின் பிடரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தவனை அன்றைக்குத்தான் தூக்கி வந்திருந்தார்கள்.

எதிரே சோபாவில் மேஸ்திரியின் மனைவி. போன மாதம் மேஸ்திரியைக் கொன்ற வெடிப்பில் நொறுங்கிய ஜன்னல்களை இன்னும் சரி செய்யவில்லை. வீட்டுக்குள் காற்று தன் இஷ்டத்துக்கு வந்து போனது.

மேஸ்திரி என்பது செங்கல் சுமந்த காலத்துப் பெயர். அப்புறம் அவர் கட்டியதைவிட இடித்ததுதான் அதிகம், ஆட்களையும் சேர்த்து. அப்படிப்பட்டவர் தன் காரைத் தானே கிளப்புவாரா? டிரைவர் சாவியைத் திருப்பி, வண்டி ஒழுங்காக உறுமிய பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவார்.

முதலில் அந்த வேலையைப் பார்த்தவன் டிரைவரின் அண்ணன். ஒரு நாள் காலை அவன் சாவியைத் திருப்பியதும் குண்டு வெடித்தது. அந்த வீட்டில் சாவி திருப்புகிறவர் மேஸ்திரி இல்லை என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோயிற்று.

செத்தவன் வேலையை மேஸ்திரி இவனுக்கே கொடுத்தார். அண்ணனை உரித்து வைத்த முகம் இவனுக்கு. "அன்னைக்கு உங்க அண்ணன் சாப்பிட்டுட்டுதான் வந்தானாடா?" என்று பின்சீட்டிலிருந்து திடீரென்று கேட்பார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் கூடத்தில் நடப்பார்.

"அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் உங்க தூக்கம் போச்சு. அனுப்பித் தொலைங்க!" என்று மனைவி அழுதது டிரைவரின் காதிலேயே விழுந்திருக்கிறது. மேஸ்திரி அனுப்பவில்லை.

"அன்னைக்கு மட்டும் எங்கண்ணன் எப்படிடா ஸ்டியரிங்ல உக்காந்தாரு?" என்றான் மேஸ்திரியின் தம்பி.

டிரைவர் அவளைப் பார்த்தே பேசினான்.

"வண்டி தொடைக்கக் குனிஞ்சேம்மா. அடியில புது வயர் தெரிஞ்சுது. ஓடிப்போய் மேஸ்திரிகிட்ட சொன்னேன்."

"சொன்னியா?" என்றாள் அவள்.

"போலீசக் கூப்பிடலாம்னேன். 'இன்னைக்கு அவுத்தா நாளைக்குக் கட்டுவானுங்க. ஒரு வீட்டுல ஒருத்தன் போனது போதும், சாவியக் குடு'ன்னாரு. கால்ல விழுந்தேம்மா. 'செல்போன மாடியில வெச்சிட்டேன், எடுத்துட்டு வா'ன்னு விரட்டினாரு. பாதிப் படிகூட ஏறல..."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"சாவிய வாங்கும்போது சிரிச்சாரும்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கி எந்திரிச்சவர் மாதிரி இருந்தாரு."

"கதை விடுறான் அண்ணி! எதிராளிங்களோட சேந்து இவன்தான் குண்டு வெச்சிருக்கான்." அவன் விரல் விசைக்குப் போனது. டிரைவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

அவள் எழுந்து வந்தாள். இத்தனை நாள் பார்க்கவே பிடிக்காத அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு கொழுந்தனின் கையைப் பிடித்து, துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குண்ட சாவியோட சேத்துக் கட்டினா இவன்தான் போவான், அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் கட்டச் சொன்னேன்."