புழு பொறுக்க வந்தவன்

மடியில் இருந்த பொட்டலத்தை வேட்டிக்கு மேலேயே தடவிப் பார்த்துக்கொண்டான் மருதப்பன். சிராங்கூன் சாலையில் எதிரே ஒரு போலீஸ்காரர் வந்தார். அவர் தாண்டிப் போகும்வரை மாட்டு வண்டிகளை வேடிக்கை பார்ப்பவன் போல ஓரமாக நின்றான்.

திருட்டு அபின் என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டலத்தில் இருந்தது பச்சைப் புழு. உயிரோடு, ஒரு கை நிறைய.

போன மாதம் அன்னாசி வெட்டும் கொட்டகையில் வேலை முடிந்து வரும்போது, வண்டிக்கார வடிவேலு தன் வீட்டுக் கொல்லையில் புடலைப் பந்தலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தான். இலையெல்லாம் புழு அரித்துச் சல்லடையாகியிருந்தது. 'நானும் கை குடுக்கறேங்க' என்று உள்ளே நுழைந்தவன், அடுப்படி ஜன்னலில் அவர் மகள் மங்களத்தைப் பார்த்தான். அதோடு சரி, ஆள் காலி.

பந்தல் சுத்தமாகிவிட்டால் அந்த வீட்டில் அவனுக்கு என்ன வேலை? அதனால் தினமும் ஜாலான் புசார் பக்கம் சீனர் தோட்டத்தில் புழு பிடித்து வந்தான். யாரும் பார்க்காதபோது பந்தலில் ஏற்றிவிட்டு, எல்லோரும் பார்க்க அதையே பொறுக்கினான்.

நேராகப் பெண் கேட்கலாமே என்றால், கேட்டுப் போக நாலு பெரியவர்கள் வேண்டும். அவனுடைய பெரியவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தெருவே வடிவேலுவை 'அண்ணே' என்று கூப்பிடும், இவன் மட்டும் 'ஐயா' என்பான். அண்ணன் ஆக்கிவிட்டால் மங்களம் இவனுக்கு மகள் முறை ஆகிவிடுவாளே, அந்த வம்பு எதற்கு?

ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை. விடுவது ஒரு கை, பொறுக்கும்போது கிடைப்பதோ இரண்டு கை. புழுவுக்கும் இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது என்று சந்தோஷமாக இருந்துவிட்டான்.

அன்று கொல்லைக்குள் கால் வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான். வடிவேலுவின் மனைவி ரத்தினம்மா ஒரு சட்டி நிறையப் புகையிலை ஊற வைத்திருந்தாள்.

"நாளைக்கு இதைத் தெளிச்சுட்டா ஒரு புழு தங்காது. இனிமே நீ சிரமப்பட வேணாம்ப்பா."

"புகையிலைத் தண்ணி காய்க்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று வடிவேலு சீறினார். "கையால பொறுக்குறதுதான் சுத்தம்!"

"பொறுக்கிப் பொறுக்கி என்னத்தைக் கண்டீங்க? பந்தல்ல இலையே இல்ல. நாளைக்குத் தெளிக்கத்தான் போறேன்." சட்டியை மூடி வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலில் மங்களத்தின் முகம் வாடியதை மருதப்பன் பார்த்தான். நாளை முதல் இந்தக் கொல்லைக்கு வர அவனுக்கு ஒரு சாக்கும் இல்லை. இனி அவளைப் பார்க்கவே முடியாது.

துக்கத்தோடு பந்தலுக்கடியில் குனிந்தான். குனிந்த வேகத்தில் மடி அவிழ்ந்து, பொட்டலம் வடிவேலுவின் காலடியில் விழுந்து பிரிந்தது. புழுக்கள் நாலு பக்கமும் நெளிந்து ஓடின.

வடிவேலு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மீசை துடித்தது.

"எங்க பிடிச்ச?"

"ஜாலான் புசார்... சீனர் தோட்டத்துலங்க, ஐயா."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா." பொய் சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை. "உங்க வீட்டுக்கு வர வேற வழி தெரியலங்க."

வடிவேலு அடுப்படிப் பக்கம் திரும்பி, மனைவி பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"அங்க கிடைக்காம நான் ஊர்க்கோடி தெம்பனிஸ் வரைக்கும்ல வண்டி கட்டிட்டுப் போய்ப் பிடிச்சுட்டு வரேன்... எனக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா, மாப்பிள்ளே?"