ஒரு பிடி சாம்பல்

"பட்டினி போட்டுச் செடியைக் கொல்றீங்களோன்னு நினைச்சேன் ஐயா. இது நேர்மாறா இருக்கு. மண்ணுல சாம்பல் சத்து கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு" என்றாள் மண் பரிசோதனைக் கூடத்து அதிகாரி.

எதிரே உட்கார்ந்திருந்த வயதான பேக்கரிக்காரர் விழித்தார். அவர் கொண்டுவந்திருந்த ரோஜா இலையில் நரம்பு மட்டும்தான் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

"சாம்பல் நல்லதுதானேம்மா?"

"அளவோட போட்டா நல்லது. மிஞ்சினா மத்த சத்தைச் செடி எடுக்க விடாது. பஸ்ல ஒரே ஆள் மூணு சீட்டைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. எங்கேருந்து இவ்வளவு சாம்பல்?"

"எங்க ரொட்டி அடுப்புச் சாம்பல்தான். கல்யாணமான புதுசுல கடைக்குப் பின்னால வச்ச செடி. என் வீட்டுக்காரி மாவுச் சல்லடையிலேயே சாம்பலைச் சலிப்பா. 'அடிப்பாவி, அதுலதானே மாவும் சலிக்கிறே'ன்னு கத்துவேன். மூக்கெல்லாம் சாம்பலோட நின்னு சிரிப்பா."

சொல்லும்போதே கிழவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

"பூத்த பூவை ரொட்டி அலமாரி மேல வைப்பா. வர்றவன் எல்லாம் பன்னை விட்டுட்டுப் பூவுக்கு விலை கேப்பான்! அது ஒரு காலம்மா."

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. "சாம்பல் எவ்வளவு போடுவாங்க?"

"மாசத்துக்கு ஒரு பிடி. கணக்கா."

"அதுக்கு இவ்வளவு ஏறாதே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அவங்க ஞாபகத்துல நீங்க அள்ளி அள்ளிப் போட்டிருக்கீங்க. புரியுது ஐயா. ஆனா இனிமே ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. போட்டா செடி பிழைக்காது."

"ஐயோ, செடி போயிடக் கூடாதும்மா. எங்க வீட்ல மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்."

"அப்ப நிறுத்துங்க."

பெரியவர் தயங்கினார். பிறகு மேஜை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பார்க்கச் சாம்பல் மாதிரியே இருக்கணும். செடிக்குக் கெடுதல் பண்ணக் கூடாது. அப்படிப் பொடி ஏதாவது இருக்கா? சாம்பல் டின்னுல மாத்தி வச்சிடுவேன்."

"மாத்தி வச்சு யாரை ஏமாத்தப் போறீங்க?"

"அவளைத்தாம்மா. போட்டதை மறந்துட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் போடறா. என்னையே யாருன்னு கேக்கறவ, அந்தச் செடியை மட்டும் இன்னும் மறக்கலை."