பிடரி

“சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க. செத்த நேரம் அசையக் கூடாது.”

மடவார் வளாகத்து வைத்தியர் தவசிமுத்து சொன்னார். கண்ணுச்சாமி பலகையில் படுத்தார்.

வருஷக்கணக்காகக் கழுத்து இறுகிப்போய்க் கிடக்கிறது. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்ப வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த கழுத்துப் பட்டைக்கும் கேட்கவில்லை.

வைத்தியரின் மகன் காளிராஜ் உளுந்து மாவைப் பிசைந்து, பிடரியில் வட்டமாக வரம்பு கட்டினான். அதற்குள்தான் சூடான தைலத்தை ஊற்றி நிறுத்துவார்களாம்.

“எந்த ஊரு அண்ணாச்சி?” என்றான்.

“கான்சாபுரம். எம்புட்டு நேரம் ஆகும் தம்பி?”

பிடரியில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் சட்டென்று நின்றன.

“ஏலே, நீ வத்திராயிருப்புக்குப் போயி வேர் வாங்கிட்டு வா,” என்றார் வைத்தியர்.

“இவரை நான் பாத்துக்கிடுதேன்ப்பா.”

“போன்னு சொன்னேம்லா. கதவைச் சாத்திட்டுப் போ.”

காளிராஜ் கதவைப் படாரென்று சாத்தினான். டி.வி.எஸ். வண்டிச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

தைலம் பிடரியில் இறங்கியது. நல்ல சூடு. கண்ணுச்சாமி நெளிந்தார்.

“ஏட்டையா, அசையாதிய.”

அவருக்குத் திக்கென்றது. போலீஸ் என்று அவர் சொல்லவே இல்லையே!

அந்தக் குரல்... ‘ஏட்டையா, அவன் ஒண்ணும் செய்யலை ஏட்டையா’ என்று கெஞ்சிய அதே குரல்.

வேறொரு ஊரில் வேலை பார்த்த காலம். தேர் பார்க்க வந்த பையனைச் சங்கிலித் திருடன் என்று பிடித்து, அப்பன் கண்ணெதிரே ஓங்கி அறைந்தார். மறுநாளே உண்மைத் திருடன் சிக்கினான். பையனுக்கு ஒரு காது போனது போனதுதான்.

இப்போது கழுத்தில் சூடான எண்ணெய். வீட்டில் வேறு யாருமில்லை.

வைத்தியர் எண்ணெயை வழித்தெடுத்தார், மாவை உரித்தார். இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்தார்.

“மூச்சை விடுங்க.”

கண்ணுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தலை மெள்ள மெள்ளத் திரும்பியது.

“கண்ணைத் தொறங்க.”

வலது பக்கச் சுவர் தெரிந்தது! உடம்பைத் திருப்பாமல் அந்தப் பக்கம் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“என்னைத் தெரிஞ்சுமா வைத்தியம் பார்த்திய?”

வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இங்க கழுத்தைப் பிடிச்சு விடுறது எப்பவும் எம் மகன்தான். உங்க குரலைக் கேட்டதும் அவன் கை அப்படியே நின்னுட்டு. அந்தக் கோவத்தோட உங்க கழுத்தைத் தொட விடலாமா? அதான் வெளிய அனுப்புனேன்.”

“தம்பிகிட்ட நான் ஒரு வார்த்தை...”

“இன்னைக்கு வேண்டாம். அவனுக்கு இன்னும் ஆறலை.”

“உங்களுக்கு?”

“எனக்கும்தான்,” என்றார் வைத்தியர். “நாளைக்கும் அவனை எங்கயாச்சும் அனுப்பிடுதேன். பயப்படாம வாங்க.”