குகை வாசலில்

ரஹீலாவைப் பெண் பார்க்க வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் கூடத்தில் மாட்டியிருந்த ஓவியத்தை அவளுடைய தந்தையின் தம்பியான சாச்சா கவனித்தார். குர்ஆனில் வரும், முந்நூறு ஆண்டுகள் உறங்கிய குகைவாசிகளை அவள் வரைந்திருந்தாள். முகமில்லாத ஏழு உருவங்கள் உள்ளே கிடக்க, காவலுக்கு இருந்த நாய் முன்னங்கால்களை வாசலில் நீட்டியிருந்தது.

"ஹாஜியார் வீட்டு ஆளுங்க. வீட்டுக்குள்ள நாய்ப் படமா, வானவர் நுழைய மாட்டாங்களேன்னு கேப்பாங்க. அதுமேல கறுப்பப் பூசிரு புள்ள, இருட்டோட இருட்டாப் போயிரும்."

"உள்ள இருந்தது மூணு பேரா, அஞ்சா, ஏழான்னு குர்ஆன்லயே முடிவாச் சொல்லல சாச்சா. ஆனா எந்தக் கணக்குலயும் நாய் விட்டுப்போகல."

சாச்சா கறுப்பு டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டுப் பலகாரத்தைக் கவனிக்கப் போனார். ரஹீலா தூரிகையை முக்கி, ஏழு பேரையும் ஒவ்வொருவராக இருட்டுக்குள் அனுப்பினாள். பிறகு நாயின் கண்களில் வெள்ளை வைத்தாள்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ரஹீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓவியத்தின் பக்கத்தில் போய் நின்றாள். ஈரம் காயாத கண்களால் நாய் அவர்களைப் பார்த்தது. யாரை உள்ளே விடுவதென்று அது இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.