முடிச்சில் ஊதியது யார்?

என் மனைவியின் தலையணைக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. அதில் வரிசையாக நாற்பத்தேழு முடிச்சுகள். சந்தேகமே இல்லை, சூனியம்தான்! நான் யாரையும் நம்பாதவன், கட்டினவள் உட்பட.

நூலைக் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்துக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் ஓடினேன்.

"ஹஸ்ரத், இவ எனக்குச் சூனியம் வச்சிட்டா! இனி இவளோட ஒரே வீட்டுல இருக்க மாட்டேன்!"

ஹஸ்ரத்தின் முகம் இறுகியது. "சூனியம் பெரும் பாவம்மா. இந்த முடிச்செல்லாம் நீங்க போட்டதா?"

"நான்தான் போட்டேன்."

"பார்த்தீங்களா!" என்று குதித்தேன்.

"பொறுங்க பெரியவரே. வெறும் முடிச்சு சூனியம் ஆகாது. போட்ட முடிச்சுல ஊதணும். ஊதினது யாரும்மா?"

"இவருதான் ஹஸ்ரத்."

"நானா?"

"ராத்திரி பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதினீங்களே! 'நான் குறட்டையே விடமாட்டேன், ஆதாரம் காட்டுடி'ன்னு சண்டை போட்டது யாரு? அதான் ஒவ்வொரு குறட்டைக்கும் ஒரு முடிச்சு போட்டேன். நாப்பத்தேழுல நூல் தீர்ந்துபோச்சு."

ஹஸ்ரத் தாடியைத் தடவிச் சிரிப்பை அடக்கினார்.

"அப்போ பெரியவரே, பாவமன்னிப்பு கேட்க வேண்டியது ஊதினவர்தான்."